நாலாவது அறையில் ஒரு கேள்வி

“தாத்தா, அப்போ காஸியும் இப்படித்தான் வெடிச்சுதா?”

அவ்வளவுதான் கேட்டாள், 1971 போரில் விசாகப்பட்டினம் கடலில் மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கியைப் பற்றி. பன்னிரண்டு வயது இருக்கும். தாத்தா என்றது சுருக்கென்று இருந்தது, அப்போது எனக்கு ஐம்பத்தாறுதான். சரி, அதற்காக இதை எழுதவில்லை. நான் சொன்ன பதில்தான் இத்தனை வருடம் கழித்தும் தூங்கவிடாமல் படுத்துகிறது.

விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கியைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறை மாறும்போதெல்லாம் வட்டத் துளைக்குள் குனிந்து காலைத் தூக்கிப் போட வேண்டும், நாம் நிற்கும்போதே அடுத்த கூட்டம் முதுகில் வந்து இடிக்கும். நாலாவது அறைக்கு வந்ததும் வழிகாட்டியான நான் ஷூ காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். “இதுக்கு அடியிலதான் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காத்துல நூத்துக்கு நாலு பங்கு சேர்ந்துட்டா ஒரு ஸ்விட்ச் பொறி போதும், படகு போச்சு.” எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். சிலர் காலைக்கூட மாற்றி வைப்பார்கள். இருபது வருடம் நீர்மூழ்கியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு அந்த ஒரு நிமிடம்தான் சம்பளம்.

காஸி கதையை உள்ளே சொல்வதில்லை. வெளியே வந்து மணலில் நின்று, கடலைக் காட்டி, “அதோ அங்கேதான்” என்று சொல்வதுதான் வழக்கம். இந்தப் பெண் அதை ஏற்கெனவே எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறாள். தனித்தனியாக வைத்திருந்த இரண்டு கதைகளை அவளாகவே ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டாள்.

நான் சொன்னேன்: “இல்லம்மா. அது நம்ம ராஜ்புத் கப்பல் தண்ணிக்குள்ள போட்ட குண்டு, டெப்த் சார்ஜ்.”

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். அவள் அப்பாவும்தான்.

நான் சொன்னது பொய்யா என்றால், இல்லை. கடற்படை அன்றிலிருந்து இன்றுவரை சொல்வது அதைத்தான். 1971 நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பிய காஸி, நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி முதலில் சென்னைப் பக்கம் வந்தது, பிறகு விசாகப்பட்டினம் வந்தது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் ஒளிந்திருந்தது. அது இங்கேதான் இருக்கிறது என்று எதிரியை நம்ப வைக்க, கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் செய்த வேலைகள் கொஞ்சமா? பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு ரேஷன் ஆர்டர் போட்டார்கள். ஒரு மாலுமியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று, யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி ரகசியக் குறி இல்லாமல் தந்தி அனுப்பினார்கள். டிசம்பர் 3 நள்ளிரவில் ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது, வாய்க்கால் முகத்தில் தண்ணீர் கலங்குவதைப் பார்த்துக் குண்டு போட்டது, சற்று நேரத்தில் ஊரே கேட்கிற மாதிரி ஒரு வெடிச் சத்தம். தொண்ணூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

பாகிஸ்தான் தரப்பு வேறு மாதிரி சொல்கிறது. காஸி தானே போட்ட கண்ணிவெடியில் தானே போய் மாட்டிக்கொண்டது என்று. ஊரெல்லாம் விளக்கணைத்திருந்த ராத்திரி, கரையில் திசை பிடிக்க ஒரு விளக்குக்கூட இல்லை, போட்ட இடத்தைக் கடந்து திரும்பி வரும்போது கணக்குத் தப்பியிருக்கலாம். நம் பக்கத்திலேயே தரைப்படையின் லெப்டினன்ட் ஜெனரல் ஜேக்கப், போர் தொடங்கும் முன்பே அது தானாக வெடித்துவிட்டதாகக் கிருஷ்ணனே தன்னிடம் போனில் சொன்னார் என்று பிற்காலத்தில் சொல்லப்போக, பெரிய சண்டையே நடந்தது. அப்புறம் உள்ளேயே இருந்த டார்பிடோ வெடித்தது என்பவர்கள் உண்டு. ஹைட்ரஜன் என்பவர்களும் உண்டு, நம் கடற்படையில் பெரிய பதவியில் இருந்தவர்கள் உட்பட.

மெஸ்ஸில் இதைப் பேசும்போது நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தண்ணீருக்கு மேலே ஓடும் கப்பலில் இருந்தவன் டெப்த் சார்ஜ் என்பான். டார்பிடோக்காரன் டார்பிடோ என்பான். நேவிகேஷன் பார்த்தவன், சந்தேகமே இல்லை, திசை தப்பித்தான் போனது என்பான். அவனவன் எதைக் கண்டு பயந்து வேலை பார்த்தானோ அதுதான் அவனவன் காஸியை மூழ்கடித்தது. என் கட்சி எது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் வாதம் இது. டீசல் படகு ராத்திரியில் மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும், அப்போதுதான் இன்ஜினை ஓட்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியும். சார்ஜ் முடியப்போகும் நேரத்தில்தான் வாயு அதிகம். நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும், ஃபேன் போட்டு வெளியே தள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து அவசரமாக முங்கினால் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். காஸி அமெரிக்காவிடமிருந்து வந்த பழைய படகு, 1944-இல் கடலில் இறக்கியது, அங்கே இருந்தபோது பெயர் டயாப்லோ. அந்த வகையில் முன் பேட்டரி, முன் டார்பிடோ அறைக்கு அடுத்தாற்போலவே இருக்கும். முங்குநீச்சல்காரர்கள் பார்த்தபோது சேதம் முன்பக்கம்தான். எனக்கு அது போதும்.

போதுமா? முன்பக்கம்தான் டார்பிடோவும் இருக்கிறது. கண்ணிவெடியில் மூக்கைக் கொடுத்தாலும் முன்பக்கம்தான் கிழியும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஹைட்ரஜன் என்றே மனது போகிறது. ஏன் என்றும் தெரியும்.

படகின் பெயர் வேண்டாம், வருடமும் வேண்டாம். நான் ஜூனியர். ராத்திரி மேலே நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தோம். பேட்டரி ஃபேன் ட்ரிப் ஆகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். நாக்கில் ஆசிட் புளிப்பு வந்த பிறகுதான் ஹைட்ரஜன் மீட்டரைப் பார்த்தேன். முள் 2.8-இல் நிற்கிறது. அந்த முள் இன்றும் கண்ணில் இருக்கிறது, கண்ணாடிக்கு உள்ளே ஓரத்தில் துரு ஏறிய ஒரு சின்ன திருகாணி, அதற்கு மேலே முள். ஓடிப்போய்ச் சொன்னேன், கரன்ட்டைக் குறைத்தார்கள், ஃபேன் திரும்ப ஓடியது, கால்மணி நேரத்தில் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. லாக் புத்தகம் எழுதும் நேரம் வந்தது. “என்ன எழுதட்டும் சார்?” என்றேன். “இப்ப மீட்டர் என்ன காட்டுதோ அதை எழுது.”

0.9 என்று எழுதினேன். எழுதும்போது மீட்டர் காட்டியது அதுதான், அதில் ஓர் எழுத்து பொய் கிடையாது. நாலைத் தொடவும் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ராத்திரி நாங்கள் மொத்தமாகப் போயிருந்தால், அந்தப் புத்தகமும் ஒருவேளை கிடைத்திருந்தால், விசாரிக்க வருகிறவர் 0.9-ஐப் பார்த்துவிட்டு ஹைட்ரஜன் இல்லை, வேறு காரணம் தேடுங்கள் என்றுதான் எழுதியிருப்பார்.

அதனால்தான், காஸி தொடர்பான பழைய ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-இல் செய்தி வந்தபோது நண்பர்கள் எல்லோரும் கொதித்தார்கள், என்னால் கொதிக்க முடியவில்லை. இருந்திருந்தால் மட்டும் என்ன எழுதியிருக்கும் என்று தோன்றியது. இப்படித் தோன்றுவது தப்பு என்றும் தோன்றியது. என் சோம்பலுக்கு ஊரையே துணைக்கு இழுக்கிறேனோ என்னவோ.

அந்தப் பெண்ணுக்கு நான் வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்? ஓர் அறைக்கு இரண்டு நிமிடம்தான், பின்னால் இருபது பேர், கையில் குழந்தையோடு ஒரு அம்மா வேர்த்து வழிய நிற்கிறார். நாலு விதமாச் சொல்றாங்கம்மா என்று ஆரம்பித்தால் கூட்டம் நகராது. அதுவும் போக, காஸி பற்றிய சினிமா வந்த பிறகு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிவை வீட்டிலேயே தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். நாட்டுக்காகச் சம்பளம் வாங்கியவன் கடற்படை சொல்வதைத் திரும்பச் சொன்னான், இதில் என்ன குற்றம்?

இன்னொரு சமாதானமும் வைத்திருக்கிறேன். காஸி மேலே நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறது, ராஜ்புத் வரும் சத்தம் கேட்கிறது, வாயுவை வெளியேற்றக்கூட நேரமில்லாமல் முங்குகிறது. அப்படியானால் ஹைட்ரஜனும் சரி, ராஜ்புத்தும் சரி, நான் சொன்னதும் சரி. ரொம்ப அழகாகப் பொருந்துகிறது. சேதத்தைப் பார்த்து நான் இதற்கு வரவில்லை, என் பதிலைக் காப்பாற்ற உட்கார்ந்து யோசித்து வந்தேன், அதுதான் இதில் கோளாறு.

2024-இல் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் காஸியின் சிதைவைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. உள்ளே கிடப்பவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். ஒரே மூச்சில் இரண்டு தடவை படித்தேன். காரணம் பற்றி ஒன்றும் இருக்கிறதா என்றுதான் தேடினேன், ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூறு பேர் கிடக்கும் இடத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு என் மீட்டர்தான் ஞாபகம் வருகிறது. கல்யாணமாகாத பையன்களும் அதில் இருந்திருப்பார்கள். எங்களைப் போல அவர்களிலும் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்திருப்பான்.

கை தட்டு முடிந்தும் அவள் நகரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏதோ எழுதிக் கொடுக்க வேண்டுமாம், கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தாள். தரையை ஒரு தடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீங்கள்தானே இப்போது தட்டிக் காட்டினீர்கள் என்று கேட்பாளோ என்று இருந்தது. கேட்கவில்லை. நோட்டைப் பேட்டரி மூடிக்கு மேலே முழங்காலில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

“ராஜ்புத்துக்கு ‘த்’ போடணுமா, ‘ட்’ போடணுமா தாத்தா?”

“த்” என்றேன்.