பெலிலெனவுக்கு இரண்டாம் தடவை

போன ஆகஸ்டில், கித்துல்கலைப் பக்கம் கற்கால மனுசர் வாழ்ந்த பெலிலென குகையைப் பார்க்கக் கிளம்பி, பார்க்காமலே திரும்பி வந்தோம். வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது தம்பிக்கு பெப்ரவரியில் நாலு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. அதனால் மறுபடி திட்டம்.

அன்று காலை ஹட்டனில் நல்ல வெளிச்சம். அதை நம்பிப் புறப்பட்டதுதான் பிழை. கினிகத்தேனையைத் தாண்டி பஸ் கீழே இறங்க இறங்க மழை பிடித்துக்கொண்டது. கித்துல்கலையில் ஏறின ஆட்டோக்காரர், பாதை வழுக்குது என்று இறப்பர் தோட்டத்துக்கு நடுவிலேயே இறக்கிவிட்டார். பேசின காசில் ஒரு சதம் குறைக்கவில்லை. அரை மணித்தியாலம் ஏறியிருப்போம். "சித்தி, கால்" என்றாள் அக்கா மகள். வெள்ளை சொக்ஸில் ரத்தம், ரெண்டு வட்டமாய். ஒரு அட்டையைப் பிடுங்கினால் அது விரலில் ஒட்டிக்கொள்கிறது, விரலை உதறுவதற்குள் அடுத்தது சப்பாத்து ஓட்டைக்குள் நுழைகிறது. கையில் உப்பும் இல்லை, சவுக்காரமும் இல்லை. திரும்பிவிட்டோம்.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "முப்பது வருஷம் கொழுந்து பறிச்சவ மக, அட்டைக்கிப் பயந்து ஓடியாந்தியா?"

ஆகவே இந்த முறை முதல் முடிவு, மாசம். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் வரை கித்துல்கலைப் பக்கத்தைத்தான் நனைத்துத் தள்ளும். ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழை விடாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொஞ்சம் தேவலை. ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், ஹட்டன் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும். போயா நாளை, அதாவது பௌர்ணமி லீவு நாளைத் தவிர்த்து, கிழமை நாளில் போகிறோம். அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் விடியவே ஏறிவிட வேண்டும். கித்துல்கல டவுனிலிருந்து குகைக்கு இங்கோயா தோட்டத்து வழியாக ஒரு 8 கிலோமீற்றர். ஆட்டோ போகிற வரை ஆட்டோ, மிச்சம் நடை. எதுவரை கொண்டுபோய் விடுவார் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் (இதைத் தம்பிதான் பேச வேண்டும், எனக்குச் சண்டை வந்துவிடும்).

தம்பிக்கு அப்படியே களனி கங்கையில் ரப்பர் படகும் ஓட்ட ஆசை. வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வேலை. அவன் விடவில்லை, குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலென இருக்கிறதே, அங்கே போவோமா என்று கேட்கிறான். அதுவும் பழைய குகைதான், பெயர்போன குகைதான். ஆனால் எனக்குப் பெலிலெனவோடு ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

போகிறவர்கள் பெரிய சுரங்கத்தை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். பாறை முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற பெரிய தாழ்வாரம் அது, முன்னால் திரை போட்ட மாதிரி மேலேயிருந்து தண்ணீர் விழும். சிங்களத்தில் லென என்றால் குகை. பெலி என்றால் வில்வம். நத்தை, சிப்பி ஓட்டுக்கும் பெலிகட்டு என்பார்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, அங்கே இருந்தவர்கள் தின்று போட்ட காட்டு நத்தை ஓடுகள் அத்தனை கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர் சிரான் தெரணியகல 1978லிருந்து 1983 வரை அங்கே தோண்டினார். 30,000 வருஷத்துக்கும் முன்னாலேயே அங்கே மனுசர் வாழ்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற பலாங்கொடை மனிதன் என்பது இந்த ஆட்களைத்தான். கெக்குண கொட்டை, காட்டு வாழை, நம்ம ஈரப்பலாவுக்குச் சொந்தமான தெல், இதெல்லாம் அவர்கள் சாப்பாடு. பளிங்குக்கல்லை நகத்தளவுக்குச் செதுக்கி, பிறை மாதிரியும் முக்கோணமாயும் கருவி செய்திருக்கிறார்கள். சின்ன வயசில் கரண்ட் போன இரவுகளில், லயத்து வாசலில் உட்கார்ந்து ரெண்டு வெள்ளைக் கல்லை உரசிப் பொறி பார்ப்போமே, அதே கல். அக்கா மகளுக்கு ஒன்றாவது எடுத்து வர ஆசை. தரையில் கிடக்கிற எதையும் தொடக்கூடாது என்று இப்போதே சத்தியம் வாங்கிவிட்டேன். 1940லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

ஆனால் என்னைப் பிடித்து இழுப்பது கல்லும் இல்லை, எலும்பும் இல்லை. உப்பு. அந்தக் குகை மண்ணில் கடல் உப்பு இருந்ததற்கு அடையாளம் கிடைத்திருக்கிறது. கடற்கரையிலிருந்து வந்த உப்பு! ரோடு இல்லை, மாட்டு வண்டி இல்லை, நடுவில் முழுக்க அடர்ந்த மழைக்காடு. இதை அம்மாவிடம் சொன்னபோது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்களே நடந்து போயா எடுத்தாந்தாங்க? இல்ல கை மாறி கை மாறி வந்துச்சா?"

யார் சொல்ல முடியும்? அம்மா கடலைப் பார்த்ததே ஒரு தடவைதான், காலி முகத்திடலில். அவருக்கு உப்பு வந்ததெல்லாம் தோட்டத்துக் கடையிலிருந்து, கடன் கொப்பியில் எழுதி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மழக்காட்டுல உப்பு தண்ணியா ஓடிப்போயிருமே, எதுல வச்சிருந்திருப்பாங்க?" என்றார். நான் இத்தனை நாள் இதைப் பற்றி வாசித்தும் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

சாமான் விஷயத்தில் இனி அம்மா சொல்கிறபடிதான். தடித்த நீள சொக்ஸ், காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு. காலுக்குச் சவுக்காரம் தேய்த்துக் காயவிட வேண்டும். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிப்போன பழைய படங்கு ஒன்று, கீழே விரிக்க. ரொட்டியும் கட்டச்சம்பலும். அப்புறம் உப்பு: கொஞ்சத்தைத் துணியில் முடிந்து ஒரு குச்சி நுனியில் கட்டி, லேசாக நனைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை ஏறினால் தொட்டால் போதும், சுருண்டு விழுந்துவிடும். பிடுங்க வேண்டியதில்லையாம்.

இன்னும் மூணு கிழமை இருக்கிறது. தம்பியின் லீவு கூட உறுதியாகவில்லை. ஆனால் அம்மா நேற்றே தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து உப்பை முடிந்துவிட்டார். ஈரம் பிடிக்காமல் இருக்க, அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.