நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகும் முன்: ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்

சென்னையில் நாயை நாலைந்து நாள் விட்டுவிட்டுப் போக போர்டிங் தேடினால் முதலில் கண்ணில் படுவது புல்வெளிப் படங்கள். ஈசிஆர் பக்கம் ஒரு தோட்டம், நீலத் தொட்டிக்குள் குதிக்கும் லேப்ரடார், வண்ணப் பந்துகள். நாய் அந்தப் புல்வெளியில் இருக்கப்போவது ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் ஓர் அறையிலோ கூண்டிலோதான். அதனால் போனில் கட்டணத்தைக் கேட்கும் முன் கேட்க வேண்டியது இது: "ராத்திரி நாய்ங்க கூட யார் படுத்துக்கிறாங்க?"

பதில் ஒரு பெயராக வர வேண்டும். "ஆள் இருப்பாங்க சார்" என்பதும் "சிசிடிவி இருக்கு மேடம்" என்பதும் பதில் ஆகாது. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சுக்கூடு கொண்ட பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பித் திருகிக்கொள்வது உண்டு. வயிறு முரசு மாதிரி இறுகும். நாய் ஓங்கரித்துக்கொண்டே இருக்கும், வாயிலிருந்து வெறும் நுரைதான் வரும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை மேசைக்குப் போகாவிட்டால் பிழைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு இது நடந்தால் கேமரா பதிவு மட்டும்தான் செய்யும். அதே வளாகத்தில் படுத்திருக்கும் ஒருவர், கையில் வண்டிச் சாவி, எந்த மருத்துவமனை அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்ற தெளிவு, இவை மூன்றும் இருந்தால்தான் நாய் தப்பும். எந்த மருத்துவமனை என்று கேட்டு வாங்கி, நீங்களே ஒரு ராத்திரி அங்கே போன் போட்டுப் பாருங்கள், எடுக்கிறார்களா என்று.

தேடலைப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை என்றால் இரண்டு மாதம். தடுப்பூசிதான் முதல் காரணம். வெறிநோய்த் தடுப்பூசியும், பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் செவன் இன் ஒன் அல்லது நைன் இன் ஒன் ஊசியும் ஓராண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். பல நாய்கள் ஒரே கூரைக்கடியில் இருந்தால் கென்னல் காஃப் என்ற இருமல் மளமளவென்று பரவும். அதற்கான மூக்குச் சொட்டு மருந்தை, கிடைக்கும் இடத்தில், விடுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஊசி போட்டு அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை நிரம்புமே தவிர நாயின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக நாள் இருக்காது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை எந்தப் போர்டிங்கிலும் விடக் கூடாது. குட்டிக்கு வீட்டோடு வந்து பார்த்துக்கொள்ளும் ஆள்தான் சரி.

இன்னொரு பக்கத்தையும் கவனியுங்கள். நீங்கள் கேட்காமலே அவர்கள் உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா? உணவு, மருந்து, கருத்தடை, பிற நாய்களைக் கண்டால் எப்படி நடந்துகொள்ளும், இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறார்களா? ஒன்றும் கேட்காமல் "கொண்டு வந்து விடுங்க, பாத்துக்கிறோம்" என்கிற இடம் பக்கத்துக் கூண்டு நாயைப் பற்றியும் ஒன்றும் கேட்டிருக்காது.

நேரில் போகாமல் முடிவு செய்ய வேண்டாம். நோய்த்தொற்று பயத்தால் சிலர் வெளியாளை எந்நேரமும் உள்ளே விடமாட்டார்கள். நேரம் குறித்து வரச் சொல்வது நியாயம்தான். நாய்கள் படுக்கும் இடத்தைக் காட்டவே முடியாது என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். போவதானால் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். காலை எட்டு மணிக்கு எல்லா இடமும் குளுமையாகத்தான் இருக்கும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் என்ன செய்யும் என்பது மதியத்தில்தான் தெரியும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களால் மூச்சிரைத்து உடம்பைச் சரியாகக் குளிர வைக்க முடியாது. மே மாதம் ஏசி அறை இல்லாத இடத்தில் அவற்றை விடவே கூடாது. ஏசி இருந்தாலும் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, அதில் ஏசி ஓடுமா, மின்விசிறி மட்டும்தானா என்று கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஃபினாயில் வாடை தூக்கலாக அடித்தால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நாய்க்கு ரத்தப்பேதியைக் கொடுக்கும் பார்வோ வைரஸ் சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது. மண்ணிலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதைக் கொல்ல வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் தரையில் ஊறவிட வேண்டும். அதற்கு முன் மலத்தையும் அழுக்கையும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச்சின் வீரியம் போய்விடும். "எதைப் போட்டுக் கழுவுறீங்க, எவ்வளவு நேரம் விடுறீங்க?" என்று கழுவுகிறவரிடமே கேளுங்கள். முதலாளியைவிட அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து சுவர். சென்னை நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சலைப் போலத் தொல்லை தரும் நோய் குறைவு. இங்கே நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, நாய் உடம்பில் மட்டும் வாழ்வதில்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கி, சுவரில் ஏறி, விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கூண்டின் பின்சுவரும் கூரையும் சேரும் மூலையில் செல்போன் விளக்கை அடித்துப் பாருங்கள். மிளகு அளவில் சாம்பல் நிறமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தாலோ, எள்ளளவில் சிவப்பாக ஊர்ந்தாலோ அந்த இடம் வேண்டாம். சுவர் சுத்தமாக இருந்தாலும் விடுவதற்கு ஓரிரு நாள் முன்பே உண்ணி மாத்திரை கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் வேலை செய்யும் மாத்திரையும் உண்டு, 12 வாரம் தாங்குவதும் உண்டு. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வலிப்பு வரும் நாய் என்றால் கட்டாயம் அவரைக் கேட்ட பிறகுதான். மாத்திரை போட்டாலும் உண்ணி கடித்த பிறகே சாகும். அதனால் இடத்தின் சுத்தத்துக்கு மாத்திரை ஈடாகாது.

கேட்டைப் பாருங்கள். வெளிக்கேட்டைத் திறந்தால் நேராகத் தெரு என்றிருக்கும் இடத்தில் பால்காரர் வந்தாலும் போதும், நாய் வெளியே ஓடிவிடும். ஒரு கதவைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்கும் இரட்டைக் கதவு வேண்டும். நாய்கள் ஓடுவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான், வீட்டைத் தேடிக்கொண்டு. நம் நாட்டு நாய்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை குறுகல், கழுத்து கிட்டத்தட்ட அதே பருமன். சாதாரணக் காலர் பின்னால் இழுத்தவுடன் காதைத் தாண்டிக் கழன்றுவிடும். இழுத்தால் மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் காலரை வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். ஆறடிச் சுவர் அவற்றுக்குத் தடையே இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள். ராஜபாளையம் அந்நியரை எளிதில் நெருங்கவிடாது. முன்கூட்டியே இரண்டு முறை கூட்டிப்போய், உணவு வைக்கப்போகும் அதே ஆளின் கையால் ஏதாவது தின்னக் கொடுத்துப் பழக்க வேண்டும்.

காலர் வில்லையில் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது எடுக்க முடியாத உங்கள் எண் இருந்து பயனில்லை. ஊரில் இருக்கும் ஒருவரின் எண்ணைப் பொறித்து மாட்டுங்கள். நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்திருந்தால் அதன் 15 இலக்க எண்ணையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.

பெண் நாய் கருத்தடை செய்யப்படாதது என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு வரும், மூன்று வாரம் நீடிக்கும். ரத்தம் நின்றவுடன் முடிந்துவிட்டது என்று பலர் கொண்டுபோய் விடுகிறார்கள். ரத்தம் வெளிறும் அந்த இரண்டாவது வாரம்தான் கருத்தரிக்கும் காலம். அப்போது கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆண் நாய்கள் சண்டையிடும், சாப்பிடாது, சுவரேறும். பயணத் தேதி அதோடு மோதினால் வீட்டிலேயே ஆள் வைத்துவிடுவது உத்தமம்.

எல்லாம் பிடித்திருந்தாலும் நேராக ஒரு வாரம் விடாதீர்கள். முதலில் ஒரு பகல், அடுத்த வாரம் ஓர் இரவு. சோதனை இரவு முடிந்து கூட்டிவரும்போது மூன்றைப் பாருங்கள்: சாப்பிட்டதா, மலம் இறுக்கமாகப் போனதா, அடுத்த முறை அந்தக் கேட்டருகே போனால் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்குகிறதா. முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். வளர்ந்த நாய் இரண்டு நாள் தட்டைத் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். ஓர் இரவு முழுக்கக் குரைத்துத் தொண்டை கட்டி வருகிற நாயும், கதவைப் பிறாண்டி நகம் உடைந்து வருகிற நாயும் போர்டிங்குக்கு ஏற்றவை அல்ல. பத்து வயதைத் தாண்டியவையும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றுக்குத் தெரிந்த மனிதர் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வதே நல்லது, செலவு கூடினாலும்.

உணவில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் சிக்கன் சோறும் தயிர் சோறும் தின்னும் நாய்க்கு அங்கே திடீரென்று பாக்கெட் உணவு போட்டால் இரண்டாம் நாளே பேதி. அங்கே சமைக்கமாட்டார்கள் என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் கலந்து பழக்குங்கள்: முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரை, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுசாக. உலர் உணவை மூட்டையாகக் கொடுக்காமல் வேளைக்கு ஒரு பை என்று எடைபோட்டுக் கட்டிக் கொடுங்கள். ஆறு நாள், இரண்டு வேளை என்றால் 12 பை, திரும்பும் ரயிலோ விமானமோ தாமதமானால் என்று மேலும் நாலு பை. திரும்பி வந்ததும் மிச்சப் பைகளை எண்ணினால் எத்தனை வேளை சாப்பிட்டது என்பது தெரிந்துவிடும்.

மருந்துக்கும் இதே முறை. வலிப்பு மாத்திரை 12 மணி நேர இடைவெளியில் போக வேண்டும், ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரலாம். தேதியும் வேளையும் எழுதிய சின்னக் கவரில் ஒவ்வொரு மாத்திரையாகப் போட்டுக் கொடுங்கள். காய்ச்சல் என்று மனிதர்களுக்கான பாராசிட்டமாலையோ டைக்ளோஃபினாக்கையோ யாரும் கொடுக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

கூடவே ஒரு தாள். உங்கள் மருத்துவரின் எண், உள்ளூர் ஆளின் எண், நாய் எதற்குப் பயப்படும், எதைச் சொன்னால் கேட்கும். நம் நாய்களுக்கு "உட்காரு", "வா", "வேணாம்" என்றுதான் தெரியும். பார்த்துக்கொள்ளும் தம்பி அசாமிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவரோடு பத்து நிமிடம் நின்று அந்தச் சொற்களை வாயால் சொல்லிக் காட்டுங்கள், அவர் தம் மொழியில் எழுதிக்கொள்ளட்டும். "என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இத்தனை ரூபாய் வரை சிகிச்சைக்குச் சம்மதம், அதற்கு மேல் போனால் இன்னாரைக் கேட்கவும்" என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது அவசரத்தில் மணிக்கணக்கான தயக்கத்தைக் குறைக்கும். துவைக்காத பழைய லுங்கியோ நைட்டியோ ஒன்றைப் படுக்கையில் போடக் கொடுங்கள். உங்கள் வாசனைக்குத்தான் அது.

எழும்பூரில் ரயில் ஏறும் வழியில் ராத்திரி எட்டு மணிக்கு இறக்கிவிட்டுப் போவதைத் தவிருங்கள். காலை பத்து, பதினொன்றுக்குள் விட்டால், இருட்டும் முன் இடத்தை மோந்து, ஒரு வேளை தின்று, ஒருமுறை வெளிக்குப் போய் அடங்கியிருக்கும். விடும் முன் மருத்துவமனையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போன பிறகு தினமும் புகைப்படத்துக்குப் பதிலாக அரை நிமிட வீடியோ கேளுங்கள், நடப்பது ஒன்று, சாப்பிடுவது ஒன்று. பழைய படத்தைத் திரும்ப அனுப்ப முடியும். அன்றைக்கு நீங்கள் அனுப்பிய குரல் பதிவைப் போட்டு வீடியோ எடுக்கச் சொன்னால், அதைக் கேட்டுத் தலையைத் திருப்பும் நாயை அவ்வளவு எளிதில் போலியாகக் காட்ட முடியாது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் விடுவதானால் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எதிர்வீட்டில் கேளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நகரின் எந்தப் பகுதிகள் மூழ்கின என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு நினைவிருக்கும். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும்.

திரும்ப எடுக்கும்போது அவசரப்படாமல் அங்கேயே நின்று தடவிப் பாருங்கள்: காதுக்குள், விரலிடுக்கு, அக்குள், காலருக்கு அடியில் கழுத்து. எடை இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை மடமடவென்று குடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ஒன்றிரண்டு நாள் அடித்துப்போட்டது போலத் தூங்குவது களைப்புதான். வறட்டு இருமல் இரண்டு வாரத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். உண்ணிக் காய்ச்சல் மூன்று வாரம் கழித்துக்கூட வரும். அதுவரை சாப்பாட்டில் சுணக்கம், மூக்கில் ரத்தம், ஈறு வெளுத்திருப்பது, டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர், இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், போர்டிங்கில் இருந்த தேதிகளை மருத்துவரிடம் சொல்லிப் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.