பக்கத்து ஊர்ப் பையன்

அந்தப் பெரியவருக்காக நான் சொன்னது ஒரே வார்த்தை, "ஆமாங்க". சீருடையோடு அதைச் சொல்லியிருக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவும் வரவில்லை.

விமான நிலையத்தில் எங்கள் பாதுகாப்புச் சோதனை வரிசையில் பெண்களுக்குத் திரை போட்ட தடுப்பு உண்டு, பெண் காவலர்தான் சோதிப்பார். ஆண்களுக்கு ஒரு சின்ன மேடைதான். கையை விரித்து நின்றால் எல்லோர் கண் முன்னாலும் தடவிப் பார்ப்போம். ஆண்பிள்ளைக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள் போல. என்னோடு வேலையில் நின்ற காவலர்கள் பெரும்பாலும் வடநாட்டுப் பிள்ளைகள். அதனால் வேட்டி கட்டிய பெரியவர்கள் என் பக்கம்தான் வருவார்கள்.

இவருக்கு முழங்காலுக்குக் கீழே மெத்தென்று ஏதோ கையில் தட்டுப்பட்டது. "என்னங்கய்யா இது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மூத்திரப் பை தம்பி. டியூப் போட்டிருக்கு. சத்தமா கேக்காதீங்க, பின்னால நிக்கிறது எங்க சம்பந்தி."

சிங்கப்பூர் விமான வரிசை என்றாலே அப்படித்தான். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று பாதிப் பேர் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருப்பார்கள். "தனி அறையில பாத்துடலாம், வாங்க" என்றேன். அதற்கும் அவர் தயங்கினார். "தனியா கூட்டிட்டுப் போனா, பணம் கடத்துறவன்னுல்ல நினைப்பாங்க?"

அவர் சொன்னதும் சரிதான். வெளிநாட்டுப் பணத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைப் பிடிப்பது சுங்கத்துறையின் வேலை. நாங்கள் தேடுவது ஆயுதமும் வெடிபொருளும். ஆனால் கைக்குத் தட்டுப்பட்ட ஒன்றைப் பார்க்காமல் அனுப்பிவிட்டு அன்று ராத்திரி நான் எப்படித் தூங்குவது? 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு. விலக்கு கொடுப்பதற்கும் முதலில் பார்த்தாக வேண்டும்.

அறைக்குள் போனதும் வேட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டார். என்னிடம் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வெளியே வந்தால் சம்பந்தி பக்கத்து மேடையில் சோதனை முடித்து, தட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு நிற்கிறார். "என்ன சம்பந்தி, என்னவாம்?"

"ஒண்ணுமில்ல, நம்ம பக்கத்து ஊர்ப் பையன். ஊர்க்கதை பேசிக்கிட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

என் ஊர் தர்மபுரிப் பக்கம். "ஆமாங்க" என்றேன்.

சோதனையில் ஒன்றையும் விடவில்லை. பொய் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான். இப்படி எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் முழு உடல் ஸ்கேனர் வந்துவிட்டால் தீர்ந்தது என்று நண்பர் ஒருவர் சொன்னார். எப்படித் தீரும்? அமெரிக்காவில் உடம்பை அப்படியே காட்டிய ஒரு வகை எக்ஸ்ரே ஸ்கேனர்களை 2013இல் எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ளவற்றில் தெரிவது எல்லோருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம். சந்தேகப்படும் இடத்தில் ஒரு கட்டம் விழும். பெரியவருக்குக் காலில் விழுந்திருக்கும். அப்புறம்? மறுபடியும் என் கைதான், அதே அறைதான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்கு அரசை எதிர்த்துத்தான் போடப்பட்டது. இந்தப் பெரியவருக்கோ அரசாங்கம் பார்ப்பது ஒரு பொருட்டே இல்லை, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? எனக்குக் கொடுத்த பயிற்சியில் இல்லை. ஒருவேளை அந்த "ஆமாங்க"தான் அன்று நான் செய்த ஒரே சரியான வேலையோ என்று சில நாள் தோன்றும்.

ஆனால் வரிசையில் அடுத்து நின்ற இளைஞர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் ஏறி, கையை அரைகுறையாக விரித்து, "நானும் பக்கத்து ஊர்தான் சார், ஒரத்தநாடு" என்று சிரித்தார். அவரை வழக்கத்தைவிட அழுத்தித்தான் சோதித்தேன். பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொன்னேன். அவரிடம் ஒன்றும் இல்லை.