பகலில் கிரைண்டர், இரவில் ஏர்கான்: எங்கள் வீட்டுச் சூரியசக்திக் கணக்கு

தரைவீட்டில் இருக்கிறோம் என்றால் கூரை நமக்குச் சொந்தம். சிங்கப்பூரில் அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சிலேத்தார் பக்கம் மாமனார் காலத்தில் வாங்கிய வரிசை வீடு எங்களுடையது. ஆறு பேர், நான்கு ஏர்கான், இரண்டு ஃப்ரிட்ஜ். மின்சாரத்துக்கு மட்டும் மாதம் 350 வெள்ளி கட்டுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். 2020ன் மூன்றாம் காலாண்டில் யூனிட்டுக்கு 20 காசுக்கும் கீழே இருந்த கட்டணம், 2022ல் அதே காலாண்டில் 30 காசைத் தொட்டது. வீட்டில் சூரியசக்திப் பேச்சு எழுந்தது அப்போதுதான். பேச்சு செயலாக மாற இன்னும் இரண்டு தீபாவளி ஆயிற்று.

இதை எழுதக் காரணம், சிங்கப்பூரில் இந்த வேலையில் இறங்கும் நம்மவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை தகடு போட்டீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் சுலபம், இருபது. கேட்க வேண்டியது வேறு: வீட்டில் கரண்டு எந்த நேரத்தில் செலவாகிறது? எங்கள் கணக்கு முழுவதும் அதில்தான் நின்றது.

புது மீட்டர் மாட்டிய வீடு என்றால் மின்சாரம் விற்கும் எஸ்பி குழுமத்தின் செயலியில் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எவ்வளவு ஓடியது என்று பார்க்கலாம். ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிடுவதற்கு முன்பே நானும் கணவரும் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். காலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரு சின்ன மேடு. பிறகு மாலை வரை கிட்டத்தட்ட சமவெளி. இரவு பத்துக்கு மேல் மலை. படுக்கையறை ஏர்கான்கள். சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஓடுவது இரண்டு ஃப்ரிட்ஜும் மாமியாரின் தொலைக்காட்சியும் மட்டும். அப்படியானால் தகடு தயாரிப்பதில் பாதிக்கு மேல் வெளியேதான் போகும். வெளியே போவதற்கு என்ன விலை கிடைக்கும் என்று தெரியாமல் விலைப்புள்ளி கேட்பதில் அர்த்தமில்லை.

அந்த விலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூரைகளுக்கு எரிசக்திச் சந்தை ஆணையம் ஓர் எளிய ஏற்பாடு வைத்திருக்கிறது. எஸ்பியிடம் வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் வீடுகள், உபரியை மின்கட்டமைப்புக்குள், அதாவது ஊர் முழுக்க மின்சாரம் கொண்டுபோகும் கம்பி வலைக்குள் அனுப்பினால் அந்தக் காலாண்டின் கட்டணத்தில் கட்டமைப்புச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை பில்லில் வரவு வைப்பார்கள். 2025ல் கட்டணம் வரி நீங்கலாக 28 காசை ஒட்டி இருந்தது. கட்டமைப்புச் செலவாக ஏறக்குறைய 7 காசு போனது. நான் உள்ளே பயன்படுத்திய ஒரு யூனிட் எனக்கு வரியோடு சேர்த்து 30 காசை மிச்சப்படுத்தியது, வெளியே விட்ட யூனிட் 21 காசு தந்தது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஆளை மூழ்கடிக்கும் வித்தியாசம் இல்லை. சரி, இறங்கலாம் என்று முடிவு செய்தோம்.

விலைப்புள்ளிகள் வந்தபோதுதான் வேடிக்கை. ஒருவர் கூரை முழுவதையும் நிரப்பி, படிக்கட்டுக்கு மேல் இருக்கும் சின்னச் சரிவில் கூட இரண்டு தகடு வரைந்திருந்தார். இன்னொருவர் வரைபடமே இல்லாமல் ஒரு தொகையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு எவ்வளவு உற்பத்தியாகும் என்று காட்டிய எண் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. சிங்கப்பூரில் ஒரு கிலோவாட்-பீக் (முழு வெயிலில் ஒரு கிலோவாட் தரும் அளவு) தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும் என்பதுதான் பொதுவான கணக்கு. அதைவிட அதிகமாகச் சொல்பவரிடம் எப்படி என்று கேளுங்கள். நாங்கள் கேட்டோம். பதிலுக்குப் பதில் தள்ளுபடி வந்தது. அவரை விட்டுவிட்டோம்.

கடைசியில் 8.8 கிலோவாட்-பீக் அமைப்பு, இருபது தகடு, 13,500 வெள்ளி என்று முடிந்தது. வீட்டுக்கு அரசு மானியம் எதுவும் கிடையாது, முழுக்கக் கைக்காசு. முன்பணம் இல்லாமல் மாதத் தவணையில் போட்டுத் தருபவர்களும் உண்டு. கூட்டிப் பார்த்ததில் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

மாமாவைப் பற்றி, அதாவது என் மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவர் செனோக்கோ மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையில் இருந்த காலத்து ஆள். 1995ல் சிங்கப்பூர் பவர் தனியாக வந்ததை நேற்று நடந்தது போல் சொல்வார். கொதிகலனையும் சுழலியையும் பார்த்த கண்ணுக்குக் கூரைமேல் கண்ணாடித் தகடு விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்தது. "மேகம் வந்தா என்னம்மா பண்ணுவே?" என்று தினமும் கேட்டார். ஆனால் ஒப்பந்தக்காரர் வந்த அன்று அவர் கேட்ட கேள்விகளை நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம். இன்வெர்ட்டரை (தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் பெட்டி) எங்கே வைப்பாய்? மேற்கு வெயில் படும் சுவரிலா? மின்னலுக்கு என்ன பாதுகாப்பு? நேர்மின்சாரக் கம்பி வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? அந்த இளைஞர் "அங்கிள், யூ இன் திஸ் லைன் ஆ?" என்று சிரித்தார். இன்வெர்ட்டர் கார் நிறுத்துமிடத்து நிழற்சுவருக்கு இடம் மாறியது மாமாவால்தான். வெப்பம் ஏறினால் தகடும் சரி, இன்வெர்ட்டரும் சரி, திறன் இறங்கும். நம் ஊர் வெயிலில் தகட்டை ஒன்றும் செய்ய முடியாது, இன்வெர்ட்டரையாவது நிழலில் வைக்கலாம்.

திசையைப் பற்றி ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் நிறைய ஆலோசனை சொன்னார்கள். தெற்குப் பார்த்துப் போடு, சாய்வு இத்தனை டிகிரி என்று. அது வடக்கே தள்ளி இருக்கும் ஊர்களுக்குச் சரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறோம். பாதி வருஷம் சூரியன் வடக்கே, பாதி வருஷம் தெற்கே. கூரை எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிய நஷ்டமில்லை. சாய்வு வேண்டியது வெயிலுக்காக அல்ல, மழை தூசியைக் கழுவிக்கொண்டு போவதற்காக.

உண்மையான தலைவலி கூரைதான். எங்களுடையது பழைய களிமண் ஓடு. தகட்டைத் தாங்கும் கொக்கிகளை ஓட்டுக்கு அடியில் மரச்சட்டத்தில் திருகுவார்கள். ஓட்டைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் இருந்த நீர்காப்புத் தாள் பல இடங்களில் பொடிந்து கிடந்தது. இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதத் தகட்டை, இன்னும் ஐந்து ஆண்டு தாங்குமா என்று தெரியாத கூரைமேல் ஏற்றினால், ஒழுகும் நாளில் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டும் கூலி தனி. ஆகவே முதலில் கூரை வேலை. அதற்கு 2,000 வெள்ளிக்கு மேல் தண்டம். கூரைக்காரர் வருவதாகச் சொன்ன நாளெல்லாம் மழை. மழை இல்லாத நாளில் அவர் இல்லை. இந்த இழுபறியில்தான் எங்களுக்குப் பாதி நாள் போனது. உலோகக் கூரை இருந்தால் இந்தப் பாடு கிடையாது, துளை போடாமல் கவ்வி மாட்டி முடித்துவிடலாம் என்கிறார்கள். கொடுத்து வைத்தவர்கள்.

அனுமதிக் காகிதங்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு மெகாவாட்டுக்குக் கீழே என்பதால் உற்பத்தி உரிமம் வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பம் போட்டு, சோதனை செய்து, கையெழுத்திட வேண்டும். அவரை ஒப்பந்தக்காரரே ஏற்பாடு செய்தார். பின்னர் இரு திசையிலும் எண்ணும் மீட்டர் வரும். தகடு மாட்ட ஆன நேரத்தைவிட மீட்டருக்குக் காத்திருந்த நேரம் நீண்டது. கூரையில் எல்லாம் தயாராக, வெயில் கொளுத்த, சுவிட்சைத் தொடக் கூடாது என்ற நிலை. மாமா அந்த வாரங்களில் ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

சுவிட்ச் போட்ட பிறகு வீட்டின் நேர அட்டவணை மாறிவிட்டது. இட்லி மாவு அரைப்பது மாலையிலிருந்து மதியத்துக்கு வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் பதினொரு மணிக்கு ஓடுகிறது. நீர்சூடேற்றியை மாமியார் குளிக்கும் காலையில் போடாமல் பகலில் போட்டுத் தொட்டியில் வைத்திருக்கப் பார்த்தோம், "ஆறின தண்ணியில நான் குளிக்கணுமா?" என்று அவர் ஒரே கேள்வியில் முடித்து வைத்தார். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்யும் கணவர் இப்போது குற்றவுணர்வு இல்லாமல் பகலில் ஏர்கான் போடுகிறார். இத்தனை செய்தும் உற்பத்தியில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உள்ளே பிடிக்க முடியவில்லை. தூங்குவது இரவில்தானே.

மாதம் சராசரி 880 யூனிட் வரும் என்றார்கள், ஆண்டுக் கணக்கில் அதை ஒட்டியே வருகிறது. ஆனால் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் உண்டு. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் செயலியின் வரைபடம் பார்க்கவே பாவமாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் நிமிர்ந்துவிடும். மதிய இடிமழை வரும் நாட்களில் வரைபடம் ஒரு மணிக்குச் செங்குத்தாக விழும். பில் இப்போது 140 வெள்ளியைச் சுற்றி நிற்கிறது. கூரைச் செலவையும் சேர்த்தால் போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். கட்டணம் இறங்கினால் இன்னும் நீளும். இன்வெர்ட்டர் உத்தரவாதம் பத்து ஆண்டு, அதன்பின் ஒரு மாற்றுச் செலவு வரும் என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மின்கலம் போடலையா என்பார்கள். 2025 கணக்குப்படி வெளியே விடும் யூனிட்டுக்கு 21 காசு கிடைக்கும்போது, அதைச் சேமித்து இரவில் எடுத்தால் மிச்சமாவது ஒன்பது, பத்துக் காசு. அதற்காகப் பல ஆயிரம் வெள்ளிக்கு மின்கலம் வாங்குவது எங்கள் கணக்கில் உதைக்கிறது. மின்தடைக்கு உதவுமே என்றால், இங்கே மின்தடை எத்தனை முறை வருகிறது? 2018 செப்டம்பரில் ஒரு நள்ளிரவு ஏறக்குறைய 1,47,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது இன்னும் பேச்சாக இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மின்கலமும் தனிச் சாதனமும் இல்லாத எங்கள் மாதிரி அமைப்பு, வெளியே கரண்டு போனால் தானும் நின்றுவிடும். பட்டப்பகலில் கூட. "லைன்ல வேலை செய்றவன் கையில ஷாக் அடிக்கக் கூடாதுல்ல" என்று மாமா விளக்கினார். அன்றைக்கு முதல்முறையாகத் தகட்டின் பக்கம் பேசினார்.

ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் என் அக்கா, "எங்க பிளாக் மேலயும்தான் இருக்கு, எங்க பில் குறையலையே" என்பார். குறையாது. 2014ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவக கூரைகளில் ஏறிய தகடுகள் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர் பம்பு போன்ற பொதுச் சேவைகளுக்கு ஓடுகின்றன, மிச்சம் கட்டமைப்புக்குப் போகிறது. பலன் நகர மன்றத்தின் கணக்கில் தெரியும், அக்காவின் பில்லில் தெரியாது. அவருக்கு இந்த விளக்கம் திருப்தி தரவில்லை.

எங்கள் இருபது தகட்டை வைத்து நாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை. நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. காற்றாலைக்குக் காற்று போதாது, அணைக்கு ஆறு இல்லை. கூரையெல்லாம் தேடி, தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021ல் 60 மெகாவாட்-பீக் அளவுக்குத் தகடுகளை மிதக்கவிட்டு, 2030க்குள் 2 கிகாவாட்-பீக் எட்டினாலும் அது அப்போதைய தேவையில் சுமார் 3 விழுக்காடுதான் என்று எரிசக்திச் சந்தை ஆணையமே சொல்லியிருக்கிறது. அதனால்தான் 2022ல் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக வரத் தொடங்கியது. மாமாவிடம் இதைச் சொன்னால் "அப்ப செனோக்கோ இன்னும் தேவைதான்" என்கிறார். தேவைதான்.

பராமரிப்பில் பெரிதாக எதுவும் இல்லை, மைனாக்களைத் தவிர. தகட்டுக்கு அடியில் கூடு கட்டின. ஓரத்தில் கம்பிவலை அடிக்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள், பிறகு சாரம் கட்டி ஏறினால் இரட்டைச் செலவு.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். வலப்பக்க வீடு கைமாறியிருக்கிறது. இடித்து மூன்று மாடி கட்டப் போகிறார்களாம். பக்கத்து வீட்டு உயரம் விதிக்குள் இருந்தால் என் வெயில் போகிறது என்று சொல்லித் தடுக்க முடியாது. காலை பத்து மணி வரை பின்வரிசை ஆறு தகட்டில் நிழல் விழும் என்று ஒப்பந்தக்காரர் கணித்திருக்கிறார். ஒரே தொடராக இணைத்திருப்பதால் அந்த ஆறில் விழும் நிழல் மற்றவற்றையும் இழுத்துவிடும். பின்வரிசைக்குத் தனித்தனியாகத் திறனைச் சமாளிக்கும் ஆப்டிமைசர் மாட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறோம். விலை இன்னும் வரவில்லை. வந்ததும் மாமாதான் முதலில் பார்க்க வேண்டுமாம்.