ருசித்துப் பார்த்த ஆறு மாதம்

2023 புத்தாண்டு நடுராத்திரி ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் இருந்த பைபிள் வசனம் இது: "கர்த்தர் நல்லவர் என்பதை ருசித்துப்பாருங்கள்." அட்டையைத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். பிப்ரவரியில் எனக்குக் காசநோய் என்று சொன்னார்கள்.

அதற்கு முன்பே ஒன்றரை மாதமாக இருமல். சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல், ராத்திரி வேர்த்துப் போர்வை நனையும். ஒரு கிளினிக்கில் மூன்று தடவை இருமல் டானிக்கும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதிக்கொடுத்தார்கள். சளி டெஸ்ட் எடுக்கச் சொல்லவே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி கொடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அரசு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்கள் யாராவது அப்படி இருமிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நாளைக்கே போய்க் கொடுங்கள்.

என் எடை அப்போது 41 கிலோ. அந்த எடைக்கு ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எல்லாம் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு என்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியிருக்கிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எங்கள் மகளுக்கு நாலு வயது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, வராமல் தடுக்க மாத்திரை கொடுப்பார்கள். அவளுக்கும் கொடுத்தார்கள். முதல் சில வாரம் நான் தையல் அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தனியாகப் படுத்தேன். அவள் வெளியே திண்ணையில் நின்று, "அம்மா, நான் உள்ள வரட்டா?" என்று கேட்பாள். வேண்டாம் மக்களே என்று சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் வாக்கில் நாக்கு செத்துப்போனது. வாய் முழுக்கச் செம்புக் காசைச் சப்பியது போல ஒரு கசப்பு. ரசம், கருவாட்டுக் குழம்பு, எதை வைத்தாலும் குமட்டியது. சுவரில் அந்த அட்டை. "ருசித்துப்பாருங்கள்." ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டு, "ஆண்டவரே, எந்த நாக்கால் ருசிக்க?" என்று சத்தமாகவே கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன்.

அந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர் போனில், "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்றார். வாந்தி வேறு எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்து, எங்கள் சேகரத்து ஐயரிடம் சொல்லிவிட்டார். (குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.) ஐயர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார், ஆனாலும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பற்றுப்போடத்தான் சொன்னார் என்று எடுத்துக்காட்டினார். "1876-ல நம்ம நாசரேத்துக்கு வந்த மர்காஷிஸ் ஐயர் ஊழியத்தோட வைத்தியமும் பார்த்தவரும்மா. மாத்திரையும் கர்த்தர் தந்த நன்மைதான். போட்டுட்டு ஜெபம் பண்ணு" என்றார். (அவர் சொன்னது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்.) மறுநாள் காலையிலிருந்து ஒருவேளை கூட நான் விட்டதில்லை.

தூக்கம் வராத ராத்திரிகளில் அந்த வசனம் வரும் 34-ஆம் சங்கீதத்தின் பின்னணியைத் தேடி 1 சாமுவேல் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். தாவீது சவுல் ராஜாவுக்குப் பயந்து ஓடி, நோபு ஊரில் ஆசாரியனிடம் ஐந்து அப்பம் கேட்டு நிற்கிறான். அப்புறம் காத் ஊரில் உயிர் பிழைக்கப் பைத்தியக்காரனைப் போல நடித்து, தாடியில் எச்சில் வடிய நிற்கிறான். அவன் வாயிலிருந்துதான் "ருசித்துப்பாருங்கள்" என்ற வார்த்தை வந்திருக்கிறது. வயிறு நிறைந்திருந்தபோது பாடியது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மார்ச் கடைசியில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார்கள். முட்டை, முருங்கைக்கீரைச் சாறு, மீன். அவர்களில் எண்பதை நெருங்கும் ஓர் ஆச்சி மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போகமாட்டார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து ஜன்னல் பக்கம் உட்காருவார். அவருடைய தங்கை இதே நோயில் செத்தவர். "அவளுக்குத் தட்டு, தம்ளர் எல்லாம் தனியா வச்சோம். கிட்ட போகவே விடல. நானும் போகல" என்று ஒருநாள் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் உளுந்தங்களி கொண்டுவந்தார். கருப்பட்டிப் பாகு, நடுவே குழித்து நல்லெண்ணெய். வேண்டாம் என்றேன். "ஏட்டி, ஒரு வாய் தின்னு. நீ போகவேண்டிய தூரம் நிறைய இருக்கு" என்றார். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்துக்கிடந்த எலியாவைத் தேவதூதன் எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துச் சொன்ன அதே வார்த்தை. ஆச்சி அதை நினைத்துத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாய் வைத்தேன். கருப்பட்டி இனித்தது. உண்மையாகவே இனித்தது. ஆறு வாரம் கழித்து என் நாக்கில் ஒரு ருசி. கையில் களியோடு அழுதேன்.

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. ஆகஸ்டில் சிகிச்சை முடிந்தபோது எடை 48 கிலோ. மகளும் நன்றாக இருக்கிறாள்.

ஆனால் மே மாதத்து ஒரு ஞாயிறைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம்தான், எல்லோரும் அதிலேதான் குடிக்க வேண்டும். காசநோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் பரவாது என்று டாக்டர் விளக்கியிருந்தார். இருந்தாலும் எனக்குப் பின்னால் குடிப்பவர்களின் மனதை நினைத்து, எல்லோரும் போய் வரட்டும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆளாகப் போய்ப் பீடத்துக்கு முன் முழங்காலிட்டேன். பக்கத்தில் யாரோ மூச்சு வாங்க முழங்காலிடும் சத்தம். ஆச்சி. அவரும் போகாமல் எனக்காகவே காத்திருந்திருக்கிறார். ஐயர் பாத்திரத்தை என் உதட்டில் வைத்தார். எனக்குப் பிறகு ஆச்சி குடித்தார்.