பழைய ஆர்15 வாங்கி ஆபீஸ் வண்டியாக்கியது

யமஹா ஆர்15 வி3 பைக் மேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால் செகண்ட் ஹேண்டில் தேடினேன். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்வர வேண்டிய வண்டி என்பதால் அவசரப்படவில்லை. நாலாவதாகப் பார்த்ததுதான் இது: 2019 மாடல், சிங்கிள் ஓனர், 26,000 கிலோமீட்டர்.

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனேன், ஏனென்றால் சூடான எஞ்சினில் பாதிக் குறை வெளியே தெரியாது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. செல்ஃப் முதல் தட்டிலேயே எடுத்தது. ஓட்டிப் பார்த்தபோது 7,400 ஆர்பிஎம் தாண்டியதும் மீட்டரில் விவிஏ (வேகத்துக்கு ஏற்ப எஞ்சின் வால்வு திறப்பை மாற்றும் அமைப்பு) என்று வந்து இழுவை கூடியது. எஞ்சின் நல்ல எஞ்சின்.

அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்களை, நாலைந்து தடவை அமுக்கிவிட்டு வெள்ளை டிஷ்யூவால் துடைத்தேன். வலது பக்கம் வெறும் தூசிதான், இடது பக்கம் மட்டும் மெலிதாக ஒரு ஆயில் வளையம் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஆயிலைத் தடுத்து வைக்கும் சீல் போயிருக்கிறது. முன் டயரில் 0819 என்று இருந்தது, அதாவது 2019-ன் எட்டாவது வாரம். பட்டன் மிச்சம் இருந்தும் ஓரமெல்லாம் வெடிப்பு. இரண்டையும் காட்டிப் பேசியதில் 1,08,000 கேட்டவர் 97,000-க்கு இறங்கினார்.

இழுத்தடித்தது பேப்பர் வேலைதான். ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருந்தது. "லோன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி" என்றார் ஓனர், அது உண்மையும்கூட, ஆனால் எச்.பி.யை (ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு) கேன்சல் செய்யவே இல்லை. 5,000 அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு, பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்), அந்தப் பதிவை நீக்கக் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் மீதியைத் தருவேன் என்று நின்றேன். மூன்று வாரம் ஆனது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

வண்டி வந்ததும் ஃபோர்க் சீலும் முன் டயரும் மாற்றினேன். பழைய ஓனர் மாட்டியிருந்த சத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, அவர் வீட்டுப் பரணில் கிடந்த ஒரிஜினலை வாங்கி வந்து போட்டேன். சாரி கார்டையும் கழற்றி எறிந்திருந்தார். அம்மா பின்னால் உட்காரும் வண்டியில் அது இல்லாமல் முடியாது, புதிதாக ஒன்று வாங்கி மாட்டியாயிற்று.

முதல் வாரம் மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. ஹேண்டிலை உயர்த்தலாமா என்று கேட்டதற்கு, முழுசாகத் திருப்பும்போது ஃபேரிங்கில் (முன்பக்க பிளாஸ்டிக் மூடி) இடிக்கும், கேபிளும் இழுபடும், வேண்டாம் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். டேங்கின் இரண்டு பக்கமும் கிரிப் பேட் ஒட்டி, முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டப் பழகினேன். லேப்டாப் பையை முதுகிலிருந்து இறக்கிப் பின் சீட்டில் கட்டினேன், பாதி வலி அதிலேயே போய்விட்டது, தோளில் ஏறும் கனமெல்லாம் கடைசியில் மணிக்கட்டில்தானே வந்து இறங்குகிறது.

மொபைல் சார்ஜருக்குத் தனி ஃபியூஸ் போட்டு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரி இணைத்திருக்கிறேன். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் அடிக்கிறேன், அதாவது வழுவழுப்புக்கான ஆயில்.

போன வாரம் புது ஆர்.சி. தபாலில் வந்தது. என் பெயர் இருக்கிறது, பேங்க் பெயர் இல்லை.