பளபளக்கும் அலுமினியத்தைப் பராமரிப்பது

பழைய சைக்கிளின் கிராங்கையும் (பெடலைத் தாங்கும் கை) சீட் போஸ்ட்டையும் (இருக்கையைத் தாங்கும் குழாய்) மெருகேற்றித் தரும்படி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது கேட்டால், அந்தப் பாகத்தின் மேல் அனோடைசிங் எனும் காப்புப் படலம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வெள்ளைத் துணியில் சிறிது ஆட்டோசோல் என்ற உலோகப் பாலிஷ் எடுத்து மறைவான ஓரிடத்தில் தேய்க்கும்போது துணி உடனே கறுத்தால் அது வெறும் உலோகம்; கறுக்கவில்லை என்றால் மேலே பூச்சு இருக்கிறது. காற்றுப் பட்டுத் தானாக உருவாகும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் கனமே கொண்டது; அமிலக் குளியலில் மின்சாரம் செலுத்தி வளர்க்கப்படும் அனோடைசிங்கோ பல மைக்ரோமீட்டர் கனமுடையது. அதை நீக்கினால்தான் பளபளப்பு வரும், ஆனால் காப்பும் அத்துடன் போய்விடும். அந்த மங்கிய சாம்பல் நிறத்தில் என்ன குறையைக் காண்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீக்கியே ஆக வேண்டுமென்றால், குழாய் அடைப்பெடுக்கும் காஸ்டிக் சோடாவைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். அலுமினியத்துடன் வினைபுரிந்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளிவிடும். சற்று நேரம் கூடினாலும் உலோகத்தையே அரித்துவிடும். நான் 400-இல் தொடங்கி 800, 1200, 2000 என எண் ஏற ஏற நுண்மையாகும் நீர்த்தாளையே (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரும்புகிறேன். கிராங்கில் இறுதித் தேய்ப்பு அதன் நீளவாட்டில் அமைய வேண்டும், ஏனெனில் குறுக்கே விழும் கீறல், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் விசை குவியும் இடமாகிப் பின்னாளில் வெடிப்பாக வளரக்கூடும். பெடல் துளையைச் சுற்றியும், பல்சக்கரத்தைத் தாங்கும் கைகளின் அடியிலும் மயிரிழை போன்ற கருங்கோடு தென்பட்டு, எத்தனை முறை துடைத்தாலும் அதே இடத்தில் மீண்டும் தெரிந்தால், அந்தக் கிராங்கை மெருகேற்றாமல் கழித்துவிடுவதே நல்லது.

வெறும் உலோகமாக்கிய பாகத்திற்கு இங்கே பகை அதிகம். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரம் தோட்டத்துச் செம்மண் சாலையில் சிந்திக் கிடக்கும். அது மழைநீரில் கரைந்து தெறித்து ஒட்டினால் அலுமினியத்தில் புள்ளிப் புள்ளியாய்க் குழி விழும். கைப்பிடிக் கம்பியில் காயும் வியர்வை உப்பும் அதையேதான் செய்கிறது. ஆகவே நனைந்து வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கார்னௌபா மெழுகை மெல்லப் பூச வேண்டும். பளபளப்பு மங்கத் தொடங்கும்போது மறுபடியும் பூச வேண்டும். அனோடைசிங் அப்படியே இருக்கும் பாகத்திற்கு மென்மையான சோப்பு நீரே பெரும்பாலும் போதும்.

எஃகுச் சட்டத்தில் செருகிய அலுமினிய சீட் போஸ்ட்டை ஆண்டுக்குச் சில முறையாவது வெளியே இழுத்து, வெள்ளைத் தூளைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கிரீஸ் தடவ வேண்டும்; இரு உலோகங்களுக்கிடையே ஈரம் தங்கினால் சீட் போஸ்ட் சட்டத்தோடு இறுகிவிடும், பிறகு அறுத்தெடுப்பதைத் தவிர வழி இல்லாமலும் போகலாம். சக்கர விளிம்பில் பிரேக் கட்டை உரசும் பட்டையில் மட்டும் மெழுகோ பாலிஷோ படக்கூடாது. பட்டுவிட்டால், ஓட்டுவதற்கு முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் அதை முழுமையாகத் துடைத்தெடுக்க வேண்டும்.